எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதில்லை

பிரிக்பீல்ட்ஸில் என் ஆலோசனை அறைக்கு வருகிறவர்களில் பலர் கேட்கும் முதல் கேள்வி: “நடந்த எல்லாத்தையும் சொல்லணுமா அக்கா?” வேண்டாம் என்பேன். எவ்வளவு சொல்வது, எங்கே நிறுத்துவது என்பதெல்லாம் அவர்கள் கையில்.

கிள்ளானிலிருந்து வரும் ஓர் அம்மாவின் கைப்பையை மோட்டாரில் வந்தவர்கள் பறித்தபோது, அவரையும் ரோட்டில் இழுத்துப் போட்டுவிட்டார்கள். காயம் ஆறிவிட்டது. பின்னால் மோட்டார் சத்தம் கேட்டால் மட்டும் இன்றும் கால் நகராது. ஆரம்பத்தில் அந்த நாளைப் பற்றி நான் கேட்கவே இல்லை. பாதத்தைத் தரையில் அழுத்துவது, மூச்சை மெல்ல விடுவது, கண்ணில் படும் ஐந்து பொருளின் பெயரைச் சொல்வது என்று பழகினோம். பதற்றத்தைத் தணிக்கத் தெரிந்த பிறகே நினைவைத் தொட வேண்டும்.

அடுத்து, பாயில் ஒரு கயிற்றை நீளமாகப் போட்டோம். அதுதான் அவர் வாழ்க்கை. நல்ல நாளுக்குப் பூ, கெட்ட நாளுக்குக் கல். கல்யாணத்துக்கும் மகள் பிறந்ததற்கும் துன் சம்பந்தன் சாலையில் வாங்கிய சாமந்திகளை வைத்தார். பறிகொடுத்த நாளுக்கு ஒரு கல். அதைத் தாண்டியும் பேரன் பிறந்த நாளுக்கு ஒரு பூ வைக்க இடமிருந்தது. பிறகு அந்தக் கல்லின் கதையை, முன்பின் வரிசையோடு, கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார்.

ஜெர்மானிய உளவியலாளர்கள் வளர்த்தெடுத்த முறை இது. 2004 சுனாமிக்குப் பின் இலங்கையின் வடகிழக்கில் 31 பிள்ளைகளுக்கு ஆறு அமர்வுகள் நடந்தன. சிலருக்கு இந்தக் கதைமுறை, மற்றவர்களுக்குத் தியானமும் உடல் தளர்த்தலும். இரு பிரிவிலும் பிள்ளைகள் தேறினார்கள்.

வாய்விட்டுச் சொல்ல முடியாதவர்களுக்குக் கண்ணசைவு சிகிச்சை உண்டு. 1980களின் இறுதியில் அமெரிக்காவின் பிரான்சின் ஷாப்பிரோ உருவாக்கியது. நினைவை மனதில் வைத்தபடி, சிகிச்சையாளரின் விரல் போகும் பக்கமெல்லாம் கண்ணை ஓட்ட வேண்டும். மனம் இரண்டு வேலையை ஒன்றாகச் சுமக்கும்போது நினைவின் கூர்மை மழுங்குகிறது என்பது ஒரு விளக்கம். 2013இல் உலக சுகாதார நிறுவனமும் இதைப் பரிந்துரைத்தது. பயிற்சி பெற்றவரிடம் மட்டுமே செய்துகொள்ளுங்கள்.

வீட்டில் யாராவது இப்படித் தவித்தால், “நடந்தது நடந்துபோச்சு, மறந்துடு” என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். அரசாங்க கிளினிக்குக்குக் கூட்டிப்போங்கள். அங்குள்ள டாக்டர் மனநலப் பிரிவுக்கு எழுதிக் கொடுப்பார். போன் செய்ய சுகாதார அமைச்சின் ஹீல் எண் 15555 இருக்கிறது. கிளினிக் வரிசையில் காத்திருக்கும்போது அவர் பக்கத்திலேயே உட்காருங்கள். கேள்வி எதுவும் கேட்க வேண்டாம்.