வெள்ளைப் பல் மோகம்

பளிச்சென்றிருந்தால்தான் நல்ல பல் என்ற நம்பிக்கை பலரை எலுமிச்சைக்கும் கரித்தூளுக்கும் விரட்டுகிறது. பல்லின் நிறம் சொல்லும் கதையோ வேறு.

ஓசூர் சாலையில் எலெக்ட்ரானிக் சிட்டியைத் தாண்டி, பொம்மசந்திரா தொழிற்பேட்டையையும் கடந்தால் வருவது சந்தாபுரா. ஆனேகலுக்குச் சாலை பிரியும் இடம். தெற்கே சற்றுத் தொலைவில் அத்திப்பள்ளி எல்லை. அதற்கப்பால் ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி. தொழிற்சாலை வேலைக்காக அந்த மாவட்டங்களிலிருந்து வந்து இந்தப் பகுதியில் வாடகைக்கு வீடு பிடித்துத் தங்கியிருக்கும் தமிழர்கள் ஏராளம். அவர்களில் சிலர் சிரிக்கும்போது கையால் வாயை மறைத்துக்கொள்வதைக் காணலாம். முன்பற்களில் சுண்ணாம்பு தீற்றியது போன்ற திட்டுகள். சிலருக்குப் பழுப்பு நிற வரிகள்.

'ஒழுங்காகப் பல் விளக்குவதில்லை' என்பது பார்ப்பவர்கள் தரும் தீர்ப்பு. பெண் பார்க்க வருகிறவர்கள் முதல் வேலைக்கு ஆள் எடுக்கிறவர்கள் வரை இந்தத் தீர்ப்பில் ஒற்றுமை உண்டு. ஆனால் தீர்ப்பு தவறு. இந்தக் கறை பல்லின் மேல் படிந்ததல்ல. பல் உருவாகும்போதே உள்ளே அமைந்துவிட்டது. காரணம் சோம்பலல்ல, குடித்த தண்ணீர்.

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் பூமிக்கடியில் கிடப்பது கடினப் பாறை. அதிலுள்ள கனிமங்களிலிருந்து ஃப்ளோரைடு நிலத்தடி நீரில் கரைகிறது. இந்தியத் தர நிர்ணயத்தின்படி குடிநீரில் ஃப்ளோரைடு லிட்டருக்கு ஒரு மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு தண்ணீர் கிடைக்காத நிலையில் ஒன்றரை மில்லிகிராம் வரை அனுமதி. அதற்கு மேற்பட்ட நீரைக் குழந்தைகள் தொடர்ந்து குடித்தால், ஈறுக்குள் வளர்ந்துகொண்டிருக்கும் நிரந்தரப் பற்களின் எனாமல் சரியாக இறுகாமல் போகிறது. ஏறத்தாழ எட்டு வயது வரைதான் இந்த ஆபத்து. எனாமல் முழுமையாக உருவான பிறகு எந்தத் தண்ணீராலும் இந்தக் கறையை உண்டாக்க முடியாது. ஏற்கெனவே வந்துவிட்ட கறை எத்தனை தேய்த்தாலும் போகாது.

பன்றிக்கறி மீது விழுந்த பழி

தவறான தீர்ப்பு புதிதல்ல. 1901இல் அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகருக்குப் பல் மருத்துவராக வந்து சேர்ந்த ஃப்ரெடரிக் மெக்கே, உள்ளூர்வாசிகள் பலருக்குப் பற்களில் பழுப்புக் கறை இருப்பதைப் பார்த்துத் திகைத்தார். பன்றிக்கறி அதிகம் தின்பதால், மட்டமான பாலைக் குடிப்பதால் என்று ஊரில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். தண்ணீர்தான் காரணம் என்று சந்தேகித்த மெக்கேவுக்கு விடை கிடைக்க முப்பது ஆண்டுகளாயின. 1931இல் அலுமினிய நிறுவனம் ஒன்றின் வேதியியலாளரான சர்ச்சில், கறை வரும் ஊர்களின் தண்ணீரில் ஃப்ளோரைடு மிகுந்திருப்பதைக் கண்டறிந்தார். மெக்கே இன்னொன்றையும் கவனித்திருந்தார்: கறை படிந்த பற்கள் சொத்தையாவது குறைவு. அளவோடு இருந்தால் பல்லைக் காக்கும் ஃப்ளோரைடு, அளவு மீறினால் கெடுக்கிறது. பற்பசையில் ஃப்ளோரைடு சேர்க்கும் வழக்கம் இந்தப் பாடத்திலிருந்து பிறந்தது.

தென்னிந்தியா இதை அதிகம் காத்திராமல் அறிந்தது. அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தில் பல்லோடு எலும்பையும் முடக்கும் ஃப்ளோரைடு நோய் பற்றி, கிண்டி கிங் நிலையத்தைச் சேர்ந்த ஷார்ட்டும் உடன் பணியாற்றியவர்களும் 1937இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர். தருமபுரிக்குத் தீர்வு வர அதன் பிறகு முக்கால் நூற்றாண்டு ஆயிற்று. காவிரி நீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு 2008இல் அடிக்கல் நாட்டப்பட்டது. கர்நாடகத்தில் எதிர்ப்புக் கிளம்பியதால் அது சில காலம் கிடப்பில் இருந்தது. ஜப்பான் கடனுதவியோடு, 1,900 கோடி ரூபாய்க்கு மேல் செலவில் உருவான திட்டம் 2013 மே மாதம் தொடங்கிவைக்கப்பட்டது. அதன் முழுப் பெயரிலேயே ஃப்ளோரைடு பாதிப்பைத் தணிப்பதும் இடம்பெற்றிருக்கிறது. ஆனால் அதற்கு முன்பே வளர்ந்துவிட்ட தலைமுறையின் பற்களுக்கு அந்தக் குழாய் நீர் தாமதமாகவே வந்தது.

எது வெள்ளை?

இந்தத் தலைமுறைதான் இன்று வெண்மைக்கு ஏங்குகிறது. திரையிலும் செல்பேசியிலும் காண்கிற பற்கள் தாளைப் போல் வெளுத்திருக்கின்றன. இயற்கையில் எந்தப் பல்லும் அப்படி இருப்பதில்லை. எனாமல் ஓரளவு ஒளி ஊடுருவக்கூடியது. அதற்கடியில் உள்ள டென்டின் இயல்பாகவே இளமஞ்சள். வயது ஏற ஏற எனாமல் தேய்ந்து, உள்ளிருக்கும் மஞ்சள் கூடுதலாகத் தெரிகிறது. ஆகவே மஞ்சள் பல் ஆரோக்கியமாக இருக்கலாம். முத்துப் போன்ற பல்லின் இடுக்கில் சொத்தை ஒளிந்திருக்கலாம்.

இது புரியாமல் சமையலறையில் தேடுபவர்கள் செய்துகொள்ளும் கேடு கொஞ்சமல்ல. எலுமிச்சைச் சாற்றையும் சமையல் சோடாவையும் குழைத்துத் தேய்ப்பது ஒரு வழி. எலுமிச்சையின் அமிலம் எனாமலையே கரைக்கிறது. ஓரிரு நாள் வெளுத்தது போல் தோன்றும். பிறகு கூச்சமும் கூடுதல் மஞ்சளும் மிஞ்சும். எனாமலில் உயிரணுக்கள் கிடையாது. தோலைப் போல் அது மீண்டும் வளராது.

கரித்தூள், உப்பு, செங்கல் பொடி என்று பாட்டி காலத்துப் பட்டியல் நீள்கிறது. அதே கரி இன்று நவநாகரிகக் குழாயில் அடைக்கப்பட்டு, பற்பசையாக நல்ல விலைக்கு விற்கிறது. கரிப் பற்பசை வெண்மையாக்கும், பாதுகாப்பானது என்பதற்குப் போதிய ஆதாரமில்லை என்று 2017இல் அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளியான ஆய்வுத் தொகுப்பு கூறியது. பல்பொடியில் இன்னொரு ஆபத்தும் இருந்தது: புகையிலை. புகையிலை கலந்த பல்பொடிக்கும் பற்பசைக்கும் மத்திய அரசு 1992இல் தடை விதித்தது. ஈறு வலிக்குப் புகையிலையை அடக்கிக்கொள்ளும் பழக்கம் மட்டும் இன்னும் ஒழியவில்லை.

பல் மருத்துவர்கள் செய்யும் வெண்மையாக்கல் வேறு. ஹைட்ரஜன் பெராக்ஸைடோ, அதை வெளியிடும் கார்பமைடு பெராக்ஸைடோ எனாமலுக்குள் ஊடுருவி நிறப் பொருளைச் சிதைக்கிறது. வாய்க்கு அளவெடுத்த உறையில் பத்து சதவீத மருந்தை நிரப்பி இரவில் அணியும் முறை 1989இல் அமெரிக்காவில் வெளியிடப்பட்டது. இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. முறையாகச் செய்தால் பெரிய கேடில்லை. சில நாட்கள் பல் கூசும், ஈறு எரியும். ஆனால் வெண்மை நிரந்தரமல்ல. செயற்கைப் பல் உறையும் நிறம் பொருந்த அடைத்த சிமென்ட்டும் வெளுக்காது. பக்கத்துப் பற்கள் மட்டும் வெளுத்து அவை தனித்துத் தெரியும். சொத்தையும் ஈறு நோயும் இருக்கும் வாயில் முதலில் அவற்றைச் சரிசெய்தாக வேண்டும். ஐரோப்பிய நாடுகளில் 0.1 சதவீதத்துக்கு மேல் பெராக்ஸைடு உள்ள பொருட்களைக் கடையில் விற்க முடியாது. ஆறு சதவீதம் வரை பல் மருத்துவர் மூலமாக மட்டும். 18 வயதுக்குக் கீழே கூடாது.

ஃப்ளோரைடு கறைக்கும் வழி உண்டு. மேற்பரப்பை மிக மெல்லிதாக உரசி எடுப்பது, திட்டுகளுக்குள் பிசின் செலுத்துவது, கறை ஆழமாக இருந்தால் மேலே மெல்லிய பூச்சு அல்லது தகடு ஒட்டுவது ஆகியவை அவை. எது பொருந்தும் என்பது கறையின் ஆழத்தைப் பொறுத்தது. எல்லோருக்கும் ஒரே மருந்து என்று விளம்பரப் பலகை சொன்னால் சந்தேகிக்க வேண்டும்.

பூச்சியும் கண்ணும்

வெண்மை மோகம் ஒருபுறமிருக்க, பழைய பயங்கள் மறுபுறம். 'பல்லைச் சுத்தம் செய்தால் ஆட்டம் கண்டுவிடும்' என்பது அவற்றில் முதலாவது. உண்மையில் ஈறோரம் கல் போல் இறுகிய காரைக்கு அடியில் கிருமிகள் பல்லைத் தாங்கும் எலும்பை அரித்துவிடுகின்றன. காரையை எடுத்ததும் அது மறைத்திருந்த இடைவெளியும் ஆட்டமும் வெளிப்படுகின்றன. பழி மருத்துவர் மேல் விழுகிறது. பல் விளக்கும்போது ரத்தம் வருகிறதே என்று விளக்குவதை நிறுத்துவதும் இதே வகைத் தவறு. அழுக்குச் சேர்ந்து ஈறு வீங்கியதால்தான் பெரும்பாலும் ரத்தம் வருகிறது.

மேல் பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போகும் என்பது அடுத்தது. பல்லுக்கு உணர்ச்சி தரும் நரம்பு வேறு, பார்வை நரம்பு வேறு. பல்லைத் துளைக்கும் பூச்சி என்று ஒன்று இல்லை என்று பிரான்சின் பியர் ஃபோஷார் 1728இலேயே எழுதினார். வாயில் தங்கும் இனிப்பையும் மாவையும் கிருமிகள் அமிலமாக்குகின்றன. அந்த அமிலமே பல்லைக் குழியாக்குகிறது. காதில் புகை போட்டுப் 'பூச்சி எடுப்பவர்கள்' காட்டும் புழு பல்லிலிருந்து வந்ததல்ல.

பயமே வேண்டாம் என்பதும் சரியல்ல. கேட்க வேண்டிய கேள்வி வேறு. 2022 ஜூலைக்கும் 2023 ஏப்ரலுக்கும் இடையே தமிழகத்தில் மூளையைத் தாக்கிய ஒரு பாக்டீரியா நோய்க்கு ஆளான 21 பேரைப் பற்றிய ஆய்வு 2025இல் லான்செட் குழும இதழில் வெளியானது. அவர்களில் பத்துப் பேர் வாணியம்பாடியில் ஒரே பல் மருத்துவமனையில் சிகிச்சை பெற்றவர்கள். அந்தப் பத்துப் பேரில் எட்டுப் பேர் இறந்துபோனார்கள். சலைன் புட்டியைத் திறக்க அறுவைக் கருவியையே பயன்படுத்தி, மீதியைச் சரியாக மூடாமல் அடுத்தவருக்கும் பயன்படுத்தியது காரணமாகக் கருதப்பட்டது. கருவிகள் கொதிகலத்தில் சுத்தம் செய்யப்பட்டனவா, சலைன் புதிதாகத் திறக்கப்பட்டதா என்று நோயாளி தயங்காமல் கேட்கலாம். கேட்பது அவமரியாதையல்ல.

விழுந்துவிடும் பல்தானே?

எல்லாவற்றையும்விட விலை அதிகமான தவறு குழந்தைகள் விஷயத்தில் நேர்கிறது. பால் பல் விழுந்துவிடும், அதற்கு எதற்கு வைத்தியம் என்கிறார்கள். பின்பக்கப் பால் பற்கள் பத்துப் பன்னிரண்டு வயது வரை நின்று, வரப்போகும் பற்களுக்கு இடம் பிடித்துவைக்கின்றன. அவற்றுக்குப் பின்னால், ஆறு வயதில் எந்தப் பல்லும் விழாமலே முளைக்கிறது முதல் நிரந்தரக் கடைவாய்ப்பல். அதையும் பால் பல் என்று எண்ணிச் சொத்தையாக விட்டுவிடும் பெற்றோர் பலர். அந்தப் பல் போனால் இன்னொன்று முளைக்காது.

பற்பசை விஷயத்தில் அளவு முக்கியம். மூன்று வயது வரை அரிசியளவு, ஆறு வரை பட்டாணியளவு. விழுங்காமல் துப்பப் பழக்க வேண்டும். ஃப்ளோரைடு என்ற பெயரைக் கேட்டே பயந்து பற்பசையை ஒதுக்குவது, சொத்தைக்குக் கதவைத் திறந்துவிடுவதாகும்.

தண்ணீரைப் பற்றிய தவறும் ஒன்று உண்டு. கொதிக்க வைத்தால் ஃப்ளோரைடு போய்விடும் என்று பலர் நம்புகிறார்கள். போகாது, நீர் ஆவியாகக் குறைய, இருப்பது செறிவாகும். காவிரிக் குழாய் முழுமையாக எட்டாத புறநகர்களில் ஆழ்குழாய்க் கிணறும் லாரித் தண்ணீரும்தான் கதி. அந்தத் தண்ணீரில் ஃப்ளோரைடு எவ்வளவு என்பதைச் சோதித்தால்தான் தெரியும். அளவு மீறியிருந்தால் ஆர்.ஓ. கருவி பெருமளவு குறைத்துவிடும்.

தருமபுரியிலிருந்து வந்த அப்பாவின் பல்லில் இருக்கும் கறை அவர் குற்றமல்ல. அது பரம்பரையாக வருவதுமல்ல. அவருடைய பெண் எட்டு வயதுக்குள் எந்தத் தண்ணீரைக் குடிக்கிறாள் என்பதில்தான், அவள் கையால் வாயை மூடாமல் சிரிப்பாளா என்பது இருக்கிறது.