மதியம் 2 மணிக்குத் தூண்டிலைச் சுருட்டு! மேடிசன் நதியின் ஆந்தைச் சட்டம்

அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் பூங்காவில் பிறந்து மொன்டானா மாநிலத்தில் ஓடுகிறது மேடிசன் நதி. 'ட்ரவுட்' மீன் பிடிப்பவர்களுக்கு இது சொர்க்கம்!

'ஃப்ளை ஃபிஷிங்' என்ற முறையில் தூண்டில் முள்ளில் புழுவைக் கோப்பதில்லை. இறகும் நூலும் வைத்துக் கட்டிய பொய்ப் பூச்சிதான் இரை. அந்தந்த நேரத்தில் ஆற்றில் எந்தப் பூச்சி இருக்கிறதோ, அதைப்போலவே இருந்தால்தான் மீன் ஏமாறும்.

ஆகஸ்ட் மாதக் கடைசிக் கோடையில் கரையோரப் புல்லெல்லாம் வெட்டுக்கிளிகள். மதியக் காற்று அவற்றைத் தண்ணீரில் தள்ளிவிட, மீன்களுக்கு விருந்து! வெட்டுக்கிளிப் பொம்மையை வீச இதைவிட நல்ல நேரம் கிடையாது.

ஆனால், அப்போதுதான் மீனுக்கும் ஆபத்து. ட்ரவுட், குளிர்ந்த நீரில் வாழும் மீன். தண்ணீர் சூடானால் அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறையும். மீனுக்கோ அதிக ஆக்சிஜன் தேவைப்படும். அந்த நிலையில் தூண்டிலில் சிக்கிப் போராடிய மீனை உயிரோடு விட்டாலும், பிறகு அது செத்துப்போகலாம்.

அதனால்தான் 'ஹூட் ஆவ்ல்' கட்டுப்பாடு. தொடர்ந்து மூன்று நாட்கள் தண்ணீரின் வெப்பம் 73 டிகிரி ஃபாரன்ஹீட்டை, அதாவது சுமார் 23 டிகிரி செல்சியஸைத் தொட்டால், மதியம் 2 மணி முதல் நள்ளிரவு வரை மீன்பிடிக்கத் தடை விதிக்கலாம். காடு காய்ந்து தீப்பிடிக்கும் கோடையில், மரம் வெட்டுபவர்கள் ஆந்தை அலறும் அதிகாலையிலேயே வேலையைத் தொடங்குவார்கள். அந்த வழக்கத்தில் இருந்து வந்த பெயர் இது.

விவரம் தெரிந்தவர்கள் விடியும்போதே ஆற்றில் இறங்கிவிடுகிறார்கள். இரவெல்லாம் குளிர்ந்த தண்ணீர் அப்போதுதான் மீனுக்கு இதமாக இருக்கும். காலைக் குளிரில் வெட்டுக்கிளி குதிக்காது. எனவே 'ட்ரைக்கோ' எனும் மிகச்சிறிய பூச்சியின் பொம்மை முதலில். பிறகு எறும்பும் வண்டும். வெயில் ஏறியதும் வெட்டுக்கிளி.

சட்டைப் பையில் ஒரு தெர்மாமீட்டரும் இருக்கும். 20 டிகிரி செல்சியஸ் காட்டினாலே பலர் தூண்டிலைச் சுருட்டிவிடுவார்கள். பிடித்த மீனை அதிகம் அலையவிடாமல் சீக்கிரம் கரைக்கு இழுத்து, கையை நனைத்துக்கொண்டு, தண்ணீரில் வைத்தபடியே முள்ளை எடுத்து விட்டுவிடுவதும் இவர்கள் வழக்கம்.

தடை நாட்களில், மதியம் வெட்டுக்கிளி விழுந்து மீன் துள்ளினாலும் கரையில் இருந்து வேடிக்கைதான் பார்க்க வேண்டும். அடுத்த கோடைக்கும் ஆற்றில் மீன் வேண்டுமே!