தாவர ஒவ்வாமைத் தோல் அழற்சி

தாவர ஒவ்வாமைத் தோல் அழற்சி என்பது செடியின் சாறு, பால், சுணை அல்லது உலர்ந்த துகள் தோலில் படுவதால் உண்டாகும் சிவப்பு, அரிப்பு, தடிப்பு, கொப்புளம் ஆகியவற்றைக் குறிக்கும். தமிழ்நாட்டில் பார்த்தீனியம், சேராங்கொட்டை, செந்தட்டி (காஞ்சொறி), கள்ளி வகைகள் இதற்குக் காரணமாகின்றன.

வகைகள்

செந்தட்டியின் சுணை குத்தியவுடன் எரியும். பெரும்பாலும் சில மணி நேரத்தில் தணியும். கள்ளிப்பால் தோலைப் புண்ணாக்கும். கண்ணில் பட்டால் பார்வையையே பாதிக்கலாம். இவ்விரண்டும் யாரையும் தாக்கும்.

ஒவ்வாமை வகை வேறு. முதல் தொடுகையில் பெரும்பாலும் எதுவும் தெரியாது. உடலின் எதிர்ப்பாற்றல் அப்பொருளை நினைவில் கொண்ட பிறகு, அடுத்த தொடுகையில் ஒன்றிரண்டு நாள் கழித்தே அரிப்பு தொடங்கும். அதனால் பலர் காரணத்தைக் கண்டறியத் தவறுகின்றனர்.

பார்த்தீனியம்

அமெரிக்க வெப்பமண்டலப் பகுதியைச் சேர்ந்த இச்செடி, 1950களில் புனேயில் கவனிக்கப்பட்டு நாடெங்கும் பரவியது. இதிலுள்ள பார்த்தீனின் முதலிய வேதிப்பொருள்கள் ஒவ்வாமையைத் தூண்டுகின்றன. காய்ந்த துகள் காற்றில் பறந்து கண்ணிமை, கழுத்து, முழங்கை மடிப்பு ஆகியவற்றில் படிகிறது. செடியைத் தொடாதவருக்கும் நோய் வரும். ஆண்டுகள் செல்லச் செல்ல வெயில் பட்டாலே எரியும் நிலை சிலருக்கு ஏற்படுகிறது. வயல் வேலையையே கைவிட நேர்கிறது.

சேராங்கொட்டை

மா, முந்திரிக் குடும்பத்தைச் சேர்ந்தது. வட அமெரிக்காவின் நச்சுப் படர்கொடியும் இக்குடும்பமே. சலவைத் துணிகளில் இக்கொட்டைச் சாற்றால் குறியிடும் வழக்கம் இருந்தது. குறி பட்ட இடத்தில், குறிப்பாகப் பிடரியில், தடிப்பு தோன்றியது.

அடையாளம் காணல்

விருதுநகர் மாவட்டம் சிவகாசியை அடுத்த நாரணாபுரம் போன்ற ஊர்களில் பட்டாசு வேலையும் வேளாண்மையும் அருகருகே நடக்கின்றன. இங்கு ஒருவரது அரிப்புக்கு வேதிப்பொருளும் காரணமாகலாம், செடியும் காரணமாகலாம். கையில் மட்டும் தடிப்பு இருந்து விடுமுறையில் குறைந்தால் கையாளும் பொருளை ஐயுறலாம். முகம், கழுத்து, மடிப்புகளில் இருந்து, மழைக்குப் பின் களை முளைத்துப் பூக்கும் காலத்தில் கூடினால் பார்த்தீனியத்தை ஐயுறலாம். தோல் மருத்துவர் செய்யும் ஒட்டுப் பரிசோதனை இதை உறுதிப்படுத்தும்.

சிகிச்சை

• பட்ட இடத்தை உடனே சோப்பும் ஏராளமான நீரும் கொண்டு கழுவ வேண்டும். உடையையும் துவைக்க வேண்டும்.
• செந்தட்டிச் சுணையை ஒட்டும் நாடாவால் எடுக்கலாம்; தேய்க்கக் கூடாது.
• குளிர்ந்த ஈரத்துணியும் காலமைன் கரைசலும் அரிப்பைத் தணிக்கும்.
• கொப்புள நீர் நோயைப் பரப்பாது. ஆனால் சொறிந்தால் சீழ் பிடிக்கும்.
• ஸ்டீராய்டு களிம்பை மருத்துவர் சொன்ன அளவிலும் நாட்களிலும் மட்டுமே பூச வேண்டும். முகத்தில் நீண்ட நாள் பூசினால் தோல் மெலியும்.
• நாட்பட்ட பார்த்தீனிய நோய்க்கு அசதியோபிரின் போன்ற மாத்திரைகள் இரத்தப் பரிசோதனையுடன் தரப்படுகின்றன.

கண்ணில் பால் பட்டாலோ, முகம் வீங்கினாலோ, மூச்சுத் திணறினாலோ கண்ணை நீரால் கழுவியபடி உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

தடுப்பு

பார்த்தீனியத்தைப் பூக்கும் முன், கையுறையும் முழுக்கைச் சட்டையும் அணிந்து வேரோடு பிடுங்க வேண்டும். ஒவ்வாமை உள்ளவர் இவ்வேலையில் இறங்கக் கூடாது. மெக்சிகோவிலிருந்து கொண்டுவரப்பட்ட இலையுண்ணும் வண்டு 1984இல் பெங்களூருவில் விடப்பட்டது; அது களையைக் குறைத்தாலும் முற்றாக ஒழிக்கவில்லை.