பன்றியிறைச்சி உண்ணாதோரும் நாடாப்புழுவும்

கொல்லிமலைக்குச் செல்லும் நம்மவர் உணவுக் கடைகளில் இறைச்சி ஹலாலா எனத் துருவித் துருவி விசாரிப்பர். பச்சைக் காய்கறியையோ குடிநீரையோ பற்றி ஒரு சொல்லும் கேளார். பன்றியைத் தவிர்த்தோரை நாடாப்புழு நோய் அணுகாது என்னும் எண்ணம் பலரிடம் உண்டு. அது பாதி உண்மையே.

வேகாத பன்றியிறைச்சியிலுள்ள நீர்க்கட்டியை உண்பவரது குடலில் புழு வளரும். அவரது மலத்தோடு வெளியேறும் முட்டைகளோ கை, நீர், காய்கறி வழியே எவர் வாயையும் அடையக்கூடும். அவற்றினின்று வெளிப்படும் இளம்புழு குடற்சுவரைத் துளைத்து, இரத்தத்தோடு சென்று தசையிலும் கண்ணிலும் மூளையிலும் கட்டியாகத் தங்கும். இதனைச் சிஸ்டிசெர்கோசிஸ் என்பர். மூளையில் தங்கின் வலிப்பு வரலாம். அதை ஜின் தீண்டலென்று தாயத்துக் கட்டி நாள் கடத்துவோர் நம்மிடையே இன்றும் உளர். ஸ்கேன் எடுத்தால் புலப்படும் நோய் இது!

வேலூர் மாவட்டத்தில் கிறித்தவ மருத்துவக் கல்லூரியினர் ஆராய்ந்து 2006-இல் வெளியிட்டதன்படி, வலிப்புடையோரில் ஏறத்தாழ மூன்றிலொருவருக்கு இக்கட்டியே காரணம். 1992-இல் வெளியான நியூயார்க் ஆய்வு நம்மை நேரே தொடுவது. பன்றியிறைச்சியைத் தீண்டாத வைதிக யூதக் குடும்பங்களில் நால்வர் மூளையில் இக்கட்டி இருந்தது. நாடாப்புழு பரவிய நாடுகளிலிருந்து வந்த வீட்டுப் பணியாளர் வழியே முட்டைகள் வந்திருக்கலாம் என்றனர் ஆய்வாளர்.

நீர்த்துறை, நடைபாதை, நிழல் ஆகியவற்றில் மலங்கழிப்பதை நபி (ஸல்) அவர்கள் தடுத்த செய்தி அபூதாவூதில் உளது. நம் மதரஸாச் சமையற்கூடங்களில் இஸ்தின்ஜாவுக்குப் பின் சோப்பும், சமைப்போர்க்கு மலப் பரிசோதனையும் வேண்டும். குடற்புழுவைப் பெரும்பாலும் ஒரே வேளை மருந்து நீக்கிவிடும்.