உங்களுக்குத் தெரியுமா? லெகோவில் ஆள் உயர அதிசயங்கள்!

லெகோ என்றதும் மஞ்சள் முகத்தோடு ஒரு குட்டிப் பொம்மைதானே ஞாபகத்துக்கு வருகிறது? அதன் உயரம் வெறும் 4 சென்டிமீட்டர்! அது போதாது என்று பெரிசு பெரிசாகக் கட்டித் தள்ளும் கூட்டம் ஒன்று உலகம் முழுக்க இருக்கிறது. இந்த வாரம் அவர்கள் ராஜ்ஜியம்தான்!

குட்டிப் பொம்மை பிறந்தது 1978-ல். ஆனால் பெரிய பொம்மைகள் அதற்கு நாலு வருஷம் முன்பே, 1974-லேயே கடைக்கு வந்துவிட்டன! அப்பா, அம்மா, பையன், பெண், பாட்டி என்று ஒரு முழுக் குடும்பமே வந்தது. தலையும் கையும் ரெடிமேட். உடம்பை மட்டும் நாமே கட்டையில் கட்டிக்கொள்ள வேண்டும்!

1986-ல் லெகோவின் டெக்னிக் வரிசையில் வந்த பொம்மைகளுக்கு முழங்கால்கூட மடங்கும்! குட்டிப் பொம்மைக்கு இன்றுவரை அந்தக் கொடுப்பினை இல்லை!

பெரிசாகக் கட்டுபவர்களின் செல்ல அளவு எது தெரியுமா? மினிலேண்ட்! நிஜ உலகத்தை இருபதில் ஒரு பங்காகச் சுருக்குவது. டென்மார்க்கின் பில்லுண்ட் நகரில் 1968 ஜூன் 7-ம் தேதி திறந்த லெகோலேண்ட் பூங்கா தந்த சீதனம் இது. இதில் ஒரு மனிதரின் உயரம் கிட்டத்தட்ட 10 சென்டிமீட்டர்!

அந்த 10 சென்டிமீட்டர் ஆளைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பாருங்கள். முகத்தில் கண் வரைந்திருக்காது. வாயும் கிடையாது. முழுக்க முழுக்கச் சின்னச் சின்னக் கட்டைதான். ஆனால் ஒருவர் கூன் போட்டு நடப்பார், இன்னொருவர் பஸ்ஸைப் பிடிக்க ஓடுவார், நாய் இழுத்த இழுப்புக்கு ஒருவர் சாய்ந்தபடியே போவார். அத்தனையும் நிற்கிற தோரணையிலேயே தெரிந்துவிடும்! ஒரே ஒரு துண்டைக் கொஞ்சம் சாய்த்து வைத்தால் போதும், அலுப்பு, அவசரம், சந்தோஷம் எல்லாம் வந்துவிடுகிறது. என்னைக் கேட்டால், லெகோவில் இதைவிடப் பெரிய வித்தை கிடையாது!

பில்லுண்டின் ஆரம்பகால மாடல்களுக்குத் தலைமை வடிவமைப்பாளராக இருந்தவர் டாக்னி ஹோம் என்ற பெண்மணி. 1961-ல் கம்பெனியில் சேர்ந்தவர் அவர். அந்தப் பூங்கா திறந்த முதல் சீசனிலேயே வந்து குவிந்தவர்கள் 6,25,000 பேர்!

2009-ல் ஒபாமா பதவியேற்றபோது கலிஃபோர்னியா லெகோலேண்டிலும் ஒரு பதவியேற்பு நடந்தது. விழாவுக்கு வந்த கட்டைப் பொம்மைகள் ஆயிரத்துக்கும் மேல்!

அளவை இரண்டு மடங்காக்கினால் கட்டையும் இரண்டு மடங்கு போதும் என்று நினைக்கிறீர்களா? நீளம் இரண்டு மடங்கு, அகலம் இரண்டு மடங்கு, உயரமும் இரண்டு மடங்கு. உள்ளே நிரப்ப வேண்டியது 8 மடங்கு!

இப்போது கட்டுபவர்களின் தொழில் ரகசியம் ஒன்று. லெகோவின் மெல்லிய தட்டு ஒன்றின் தடிமன் 3.2 மில்லிமீட்டர். ஐந்தை அடுக்கினால் 16. கட்டையின் தலையில் இருக்கும் குமிழ்களுக்கு நடுவே உள்ள தூரம் 8 மில்லிமீட்டர். இரண்டு குமிழ் அகலம் என்றால் அதுவும் 16! அதாவது, ஐந்து தட்டு அடுக்கைப் பக்கவாட்டில் படுக்கப் போட்டாலும் இரண்டு குமிழ் இடத்தில் கச்சிதமாக உட்காரும். கார் கதவின் வளைவு, ஜன்னல் சட்டம், சட்டைக் காலர் எல்லாம் பிறப்பது இந்த ஒரு கணக்கில்தான்!

தீவிர ரசிகர்களுக்கு மூன்று விஷயம் ஆகவே ஆகாது. பசை தடவக் கூடாது, துண்டை வெட்டக் கூடாது, பெயின்ட் அடிக்கக் கூடாது! வெயிலிலும் மழையிலும் நிற்கும் பூங்கா மாடல்களுக்கோ பசை உண்டு!

நியூயார்க்கில் வக்கீலாக இருந்த நேதன் சவாயா, வேலையை விட்டுவிட்டு லெகோ சிற்பியானார். தன் நெஞ்சைத் தானே பிளந்து திறக்கும் மஞ்சள் மனிதன் அவர் கைவண்ணம்தான். 20 அடி நீள டைனோசர் எலும்புக்கூடும் கட்டியிருக்கிறார். அதற்கு ஆன கட்டைகள் 80,020!

2009-ல் இங்கிலாந்தின் சர்ரே பகுதியில், டிவி புகழ் ஜேம்ஸ் மே ஒரு முழு வீட்டையே கட்டினார். இரண்டு மாடி. கட்டைகள் 33 லட்சம்! கட்டிலும் லெகோ. கழிவறையும் லெகோ, அதில் தண்ணீரும் வந்தது! அவர் ஒரு ராத்திரி அதில் தூங்கவும் செய்தார். வாங்க ஆள் வராததால் அதே வருஷம் வீட்டைப் பிரித்துவிட்டார்கள். மனசு ஆறவில்லை!

2013-ல் நியூயார்க் டைம்ஸ் சதுக்கத்தில் வந்து இறங்கியது ஸ்டார் வார்ஸ் விண்கலம் ஒன்று. கடையில் விற்ற லெகோ செட்டை அச்சு அசலாக 42 மடங்கு பெரிதாக்கியிருந்தார்கள். கட்டைகள் 53,35,200!

அது கம்பெனி கட்டியது. ஆனால் அதே 2013-ல் ருமேனியாவின் ரவுல் ஒய்டா செய்ததைப் பாருங்கள். வயசு 20. ஆஸ்திரேலியாவில் இருந்த ஸ்டீவ் சம்மார்ட்டினோ, ட்விட்டரில் ஒரே ஒரு வரி போட்டு அவருக்காகப் பணம் திரட்டினார். பிறந்தது நிஜ கார்! ஆள் ஏறி உட்காரலாம், ஓட்டலாம். சக்கரமும் எடை தாங்கும் சில பாகங்களும் தவிர எல்லாமே லெகோ, 5 லட்சம் துண்டுகளுக்கு மேல். இன்ஜினும் லெகோதான்! பெட்ரோல் கிடையாது, அழுத்திய காற்றில் ஓடியது. அந்த இன்ஜினில் பிஸ்டன்கள் மட்டும் 256!

2018-ல் லெகோ கம்பெனியே புகாட்டி காரை நிஜ அளவில் கட்டியது. எடை 1,500 கிலோ. உள்ளே சுழன்ற குட்டி மோட்டார்கள் 2,304! வேகம் மணிக்கு 20 கிலோமீட்டருக்கு மேல்!

அண்டோராவில் வலது முன்கை இல்லாமல் பிறந்தவர் டேவிட் அகிலார். 2017-ல், 18 வயதில், லெகோ ஹெலிகாப்டர் செட் ஒன்றின் துண்டுகளைக் கொண்டு தனக்குத் தானே ஒரு கையைக் கட்டிக்கொண்டார். அசையும் கை! கின்னஸ் புத்தகத்திலும் ஏறியது. இந்தப் பக்கத்தில் எனக்கு மிகவும் பிடித்த கண்டுபிடிப்பு இதுதான்!

இத்தனை பெரிசாகக் கட்டினால் அடிக்கட்டை நசுங்காதா? 2012-ல் இங்கிலாந்தின் ஓப்பன் யுனிவர்சிட்டியில் சோதித்தே பார்த்துவிட்டார்கள். நாலு குமிழ் உள்ள ஒரு சின்னக் கட்டையை இயந்திரத்தில் வைத்து அழுத்தினார்கள். 400 கிலோ எடையைத் தாண்டியும் தாக்குப்பிடித்த பிறகுதான் அது உருகியதுபோல் தட்டையானது. அந்தக் கணக்குப்படி, ஒரு கட்டை நசுங்க வேண்டுமானால் அதன் தலைமேல் 3,75,000 கட்டைகளை அடுக்க வேண்டும். அந்தக் கோபுரத்தின் உயரம் சுமார் 3.5 கிலோமீட்டர்!