கண் அங்கேதான் இருந்தது

நெய்யாற்றின்கரை கிருஷ்ணசாமி கோவில் வளாகத்தில் பழைய பலாமரம் ஒன்றின் அடிமரத்தை இன்றும் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். அம்மச்சிப் பிலாவு என்று பெயர். உள்ளே ஆள் ஒளியும் அளவுக்குப் பொந்து. திருவிதாங்கூரை 1729 முதல் 1758 வரை ஆண்ட மார்த்தாண்ட வர்மாவை, அவரை எதிர்த்த எட்டு வீட்டுப் பிள்ளைமாரின் ஆட்கள் ஒருமுறை துரத்தி வந்தார்களாம். அவர் இந்தப் பொந்துக்குள் புகுந்து தப்பினார் என்பது ஊர்க் கதை. பொந்தைக் காட்டிக்கொடுத்த சிறுவன் கண்ணனேதான் என்று நம்பி, பிற்பாடு அங்கேயே கோவில் கட்டினார் என்பார்கள். சரித்திரக்காரர்கள் இதில் எவ்வளவை ஒத்துக்கொள்வார்கள் என்பது வேறு விஷயம். எனக்குக் கதையில் பிடித்தது துரத்தி வந்தவர்களின் கண். அதில் ஒரு பழுதும் இல்லை. மரத்தைப் பார்த்துக்கொண்டேதான் கடந்திருப்பார்கள். ஆனால் அவர்கள் தேடியது ஓடுகிற ஆளை. அப்படித் தேடுகிறவனுக்கு நிற்கிற மரம் வெறும் மரம்தான்.

இதை வைத்துத்தான் வித்தைக்காரர்கள் பிழைக்கிறார்கள். பாறசாலைப் பக்கத்து உற்சவப் பறம்பிலும் சரி, களியக்காவிளை தாண்டிக் குமரி மாவட்டத்துக் கோவில் கொடையிலும் சரி, கானமேளாவுக்கோ வில்லுப்பாட்டுக்கோ முன்னால் ஒரு மேஜிக் ஷோ வைப்பது இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. முடிந்து கலையும்போது கூட்டத்தில் யாராவது ஒருவர் சொல்வார்: “எல்லாம் கை வேகம்தான்.” நம் எல்லோருக்கும் மனத்தில் இருக்கும் விளக்கம் அதுதான். அது தவறு. கண்ணை முந்தும் வேகம் எந்தக் கைக்கும் கிடையாது. நல்ல வித்தைக்காரரின் கை உண்மையில் நிதானமாகத்தான் நகரும். அவசரப்பட்டால் அகப்பட்டுக்கொள்வோம் என்று அவருக்குத் தெரியும்.

செப்பும் பந்தும் ஆட்டத்தைக் கிட்ட உட்கார்ந்து பார்த்தால் இது புரியும். தமிழில் செப்படி வித்தை என்கிறோமே, அதேதான். தரையில் ஒரு துணி. மூன்று மரச் செப்புகள், தலையில் சிறு குமிழ் வைத்தவை. விரலிடுக்கில் குமிழைப் பிடித்துச் செப்பைத் தூக்குவார், கவிழ்ப்பார். துணியைச் சுருட்டிக் கட்டிய சின்னப் பந்து ஒன்றை இடது கைக்குள் வைத்து மூடுகிறார். கோலால் ஒரு தட்டு. விரித்தால் கை காலி. பந்து நடுச் செப்புக்கடியில் இருக்கிறது. கூட்டம் ‘அட’ என்று வாயைப் பிளக்கிறது. வேலை நடப்பது அந்த ‘அட’வில்தான். எல்லோரும் வெளிப்பட்ட பந்தைப் பார்க்கும் அந்த ஓரிரு விநாடியில், செப்பைத் தூக்கிய கை அடுத்த சரக்கை ஏற்றிவிடும். கடைசியில் ஒவ்வொரு செப்புக்கடியிலிருந்தும் ஓர் எலுமிச்சம்பழம் உருளும்போது, அது எப்போது உள்ளே போனது என்று யாருக்கும் நினைவிருக்காது. கை பைக்குள் போனதை எல்லோரும் பார்த்திருப்பார்கள். கோலை எடுக்கத்தானே போனது?

கேரளத்தில் இந்தக் கலையின் பெரிய பெயர் வாழக்குன்னம் நீலகண்டன் நம்பூதிரி (1903–1983). பட்டாம்பிப் பக்கத்துக்காரர். பெட்டி, கண்ணாடி, விளக்கு எதையும் நம்பாமல் வெறுங்கையால் செய்யும் வித்தையை மலையாளத்தில் கையொதுக்கம் என்பார்கள். அதில் அவர்தான் ஆசான். இன்றைய கேரள மேஜிக்காரர்கள் பலருடைய குருபரம்பரை அவரிடம் போய் முடிகிறது. கையொதுக்கம் என்றதும் நாம் கையை நினைக்கிறோம். கை அதில் பாதிதான். மீதி, பார்க்கிறவனின் கவனத்தை எங்கே நிறுத்துவது என்ற கணக்கு.

அந்தக் கணக்கு ஏன் பலிக்கிறது? கையை நேரே நீட்டிக் கட்டைவிரலை நிமிர்த்திப் பிடியுங்கள். அந்த நகத்தின் அகலத்துக்கு, ஏறத்தாழ 2 பாகை அளவுக்கு, மட்டுமே நம் கண் எதையும் துல்லியமாகப் பார்க்கிறது. மற்றதெல்லாம் மங்கல். கண் விநாடிக்கு மூன்று நான்கு முறை தாவித் தாவி அந்தச் சிறு வட்டத்தை அங்குமிங்கும் வைக்கிறது. தாவும் நேரத்தில் பார்வை ஏறக்குறைய அணைந்தே போகிறது. இடைவெளிகளை மூளை தன் கணக்கில் இட்டு நிரப்பி, முழுக்காட்சியைப் பார்த்துக்கொண்டிருப்பதாக நம்மை நம்பவைக்கிறது. ஆக, முதல் பெரிய வித்தைக்காரர் நம் மண்டைக்குள்ளேயே இருக்கிறார்.

இவ்வளவுதான் விஷயம் என்றால், வித்தை நடக்கும் இடத்திலிருந்து கண்ணை அப்புறம் திருப்பினால் போதும் என்று ஆகிவிடும். நெடுங்காலம் அப்படித்தான் நினைத்தார்கள். 2005இல் பிரிட்டனில் கஸ்டவ் குன், பெஞ்சமின் டேட்லர் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். குன் தாமே மேஜிக்காரர். மேசைக்கு எதிரே உட்கார்ந்து சிகரெட்டையும் லைட்டரையும் மறையவைத்தார். சிகரெட்டை ஒளிவுமறைவில்லாமல் மடியில் நழுவவிட்டார், அவ்வளவுதான். பார்த்தவர்களின் விழி எங்கே நிற்கிறது என்பதை ஒரு கருவி பதிவு செய்தது. பெரும்பாலோர் சிகரெட் விழுந்ததைக் காணவில்லை. வியப்பு இதில்தான்: கண்டவர்களின் விழியும் காணாதவர்களின் விழியும் நின்ற இடத்தில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசமே இல்லை. கண் எங்கே இருந்தது என்பது காரியமே அல்ல, கவனம் எங்கே இருந்தது என்பதுதான் காரியம். என்ன நடக்கப் போகிறது என்று தெரிந்த பிறகு மறுபடி காட்டியபோது சிகரெட் விழுவதைப் பிடித்துவிட்டார்கள். ஒரே வித்தையை ஒரே கூட்டத்துக்கு ஒரே மாதிரி இரண்டு முறை செய்யாதே என்ற தொழில் விதி சும்மா வந்ததல்ல.

அடுத்த வருடம் குன், மைக்கேல் லேண்ட் என்பவரோடு செய்த சோதனை இன்னும் வேடிக்கை. பந்தை மேலே எறிந்து பிடிக்கிறார். மறுபடி எறிந்து பிடிக்கிறார். மூன்றாவது முறை எறிவதுபோல் கையை மட்டும் வீசுகிறார். பந்து கைக்குள்ளேயே இருக்கிறது. அப்போது அவர் முகமும் பார்வையும் பந்தைத் தொடர்வதுபோல மேலே போனால், பார்த்தவர்களில் 68 சதவீதம் பேர் பந்து மேலே பறந்து மறைந்ததைக் ‘கண்டார்கள்’. அதே வீச்சின்போது அவர் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தால் 32 சதவீதம்தான். விழிப் பதிவை எடுத்துப் பார்த்தால், பந்து மறைந்ததாகச் சொன்ன இடத்துக்கு அவர்கள் கண் போகவே இல்லை. கண் ஏமாறவில்லை. வித்தைக்காரரின் முகத்தைப் படித்த மனம், இல்லாத பந்தை வரைந்துகொண்டது. இதே ஏமாற்றை அமெரிக்காவில் நார்மன் டிரிப்லெட் பள்ளிப் பிள்ளைகளிடம் செய்து பார்த்து 1900இலேயே எழுதிவிட்டார். ஏறக்குறையப் பாதிப் பிள்ளைகள் இல்லாத பந்து மேலே போனதைப் பார்த்ததாகச் சொன்னார்கள்.

மனிதன் மனிதனின் பார்வையைத் தொடர்வது பிறவிக் குணம். ஒரு வயது நிறைவதற்குள்ளேயே குழந்தை, அம்மா பார்க்கும் திசையில் தானும் பார்க்கப் பழகிவிடும். நம் விழியைச் சுற்றி இவ்வளவு வெள்ளை தெரிவதே, எங்கே பார்க்கிறோம் என்பது பிறருக்குத் தெரியட்டும் என்பதற்காக இருக்கலாம் என்று ஒரு கருத்து உண்டு. வித்தைக்காரருக்கு இந்த ஆய்வெல்லாம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. எதை நீங்கள் பார்க்க வேண்டுமோ அதை அவர் முதலில் பார்ப்பார். எதைப் பார்க்கக் கூடாதோ அந்தப் பக்கம் அவர் திரும்பவே மாட்டார். உங்கள் முகத்தையே பார்த்து ஒரு கேள்வி கேட்டால் கேட்கவே வேண்டாம், நீங்கள் அவர் முகத்தைப் பார்த்தே தீர்வீர்கள்.

கை போகும் பாதையிலும் சூட்சுமம் இருக்கிறது. லாஸ் வேகாஸ் மேடையில் ஆட்களின் கைக்கடிகாரத்தைக் கழற்றிக் காட்டும் அப்பல்லோ ராபின்ஸ், கையை நேர்கோட்டில் இழுப்பதைவிட வளைவாக இழுத்தால் அதிகம் ஏமாறுகிறார்கள் என்று அனுபவத்தில் கண்டிருந்தார். சுசானா மார்ட்டினெஸ் கோண்டே, ஸ்டீபன் மேக்னிக் என்ற நரம்பியல் ஆய்வாளர் தம்பதி அவரையே ஆய்வுக்கூடத்துக்கு அழைத்துப்போய்ச் சோதித்தார்கள். 2011இல் முடிவு வந்தது. நேர்கோட்டில் கை போனால் கண் தாவி அதன் முடிவுக்குப் போய்விட்டுத் தொடங்கிய இடத்துக்குத் திரும்பிவிடும். வளைவில் போனால் கண் அதை விடாமல் பின்தொடரும், தொடங்கிய இடத்தை மறந்துவிடும். களவு நடப்பது தொடங்கிய இடத்தில்.

விஷயம் தெரிந்தவர்கள் ஏமாற மாட்டார்களா? பென் அண்ட் டெல்லர் என்ற அமெரிக்க ஜோடியில் பேசாதவரான டெல்லர், ஓர் உணவுக்கடையில் காலித் தண்ணீர்க் கிளாஸையும் கசக்கிய காகிதக் கைக்குட்டைகளையும் வைத்துச் செப்பும் பந்தும் பழகிக்கொண்டிருந்தார். கவிழ்த்த கிளாஸின் தலையிலிருந்த உருண்டை சரிந்து விழுந்தபோது, விழும் உருண்டை அவர் கவனத்தையே இழுத்துக்கொண்டது. கண்ணாடிக் கிளாஸ், உள்ளே எல்லாம் தெரிகிறது. இருந்தும் தன் இன்னொரு கை அதற்குள் அடுத்த உருண்டையை வைத்தது அவருக்கே தெரியவில்லை. அன்றிலிருந்து அவர்கள் மேடையில் கண்ணாடிச் செப்பைப் பயன்படுத்துகிறார்கள், ஆட்டம் கெடவில்லை. கண்ணாடிக்குள் நடப்பதே தெரியாதபோது மரச் செப்புக்குள் என்ன தெரிந்துவிடப் போகிறது!

கவனத்தை இடத்தில் மட்டுமல்ல, நேரத்திலும் திருப்பலாம். நம் ஊர்ச் சந்தைகளின் மோடிவித்தைக்காரர்கள் இதில் மன்னர்கள். ஓர் ஓரத்தில் மூடிய கூடை, முளையில் கட்டிய கீரி. “இன்னும் கொஞ்ச நேரத்துல கீரிக்கும் பாம்புக்கும் சண்டை விடப்போறேன். கைகட்டி நிக்கிறவங்க கையைப் பிரிச்சுவிடுங்க. பாதியில போனா ரத்தம் கக்குவீங்க.” கூட்டம் கூடையையே பார்த்துக்கொண்டு நிற்கும். அந்த நேரத்தில் பையன் படுப்பான், கறுப்புத் துணி மூடும், ஒருவர் சட்டைப்பையில் இருப்பதைப் பையன் சொல்லுவான், தாயத்து விற்கும், தட்டு சுற்றிவரும். சண்டை மட்டும் நடக்காது. யாரும் சண்டை எங்கே என்று கேட்டு மல்லுக்கு நின்றதாகவும் தெரியவில்லை. வரப்போவதைக் காட்டி நிகழ்வதை மறைப்பது இது. எல்லையோரச் சந்தையில் தமிழும் மலையாளமும் கலந்து வாய் ஓயாமல் பேசியாக வேண்டும், அந்தப் பேச்சுதான் கவனத்தைப் பிடித்து வைத்திருக்கும் கயிறு. சிரிப்பும் அப்படித்தான். சிரிக்கிறவன் அந்தக் கணத்தில் காவலைக் கீழே வைத்துவிடுகிறான்.

நேரக் கணக்கில் மேஜிக்காரர் பி.சி. சர்க்காரை மிஞ்ச ஆளில்லை. 1956 ஏப்ரல் 9 அன்று பிபிசியின் பனோரமா நிகழ்ச்சியில் 17 வயதுப் பெண்ணை மேசையில் படுக்கவைத்துச் சுழலும் ரம்பத்தால் அறுத்தார். பெண் எழுந்திருக்கவில்லை. சர்க்கார் அவளைத் தட்டிப் பார்த்தார். தொகுப்பாளர் கேமராவுக்கு முன் வந்து நிகழ்ச்சியை முடித்துவிட்டார். பெண் செத்துவிட்டாளோ என்று பிபிசியின் தொலைபேசிகள் திணறிப்போயின. பெண்ணுக்கு ஒன்றுமில்லை, நேரம் முடிந்துவிட்டது என்றது பிபிசி. நேரம் தற்செயலாகத்தான் முடிந்தது என்று நம்புவது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. அவருடைய லண்டன் காட்சிகளுக்கு அதைவிடப் பெரிய விளம்பரம் கிடைத்திருக்காது.

பாறசாலையிலிருந்து வடக்கே, திருவனந்தபுரம் தாண்டிக் கழக்கூட்டத்தில், மேஜிக்காரர் கோபிநாத் முதுகாடு 2014இல் மேஜிக் பிளானட் என்ற வளாகத்தைத் தொடங்கினார். தெருவில் வித்தை காட்டிப் பிழைத்தவர்களுக்கு நிரந்தர மேடையும் வருமானமும் வேண்டும் என்பது அதன் நோக்கங்களில் ஒன்று. பிறகு அங்கேயே டிஃபரன்ட் ஆர்ட் சென்டர் வந்தது. ஆட்டிசம் உள்ளவர்களும் அறிவுத்திறன் குறைபாடுள்ளவர்களும் மேஜிக் உள்ளிட்ட கலைகளைக் கற்று மேடையேறுகிறார்கள். இதோடு குன்னின் இன்னொரு ஆய்வைச் சேர்த்துப் பார்க்கலாம். ஆட்டிசம் உள்ளவர்கள் பிறர் முகக்குறிப்பை அவ்வளவாகப் பின்பற்ற மாட்டார்கள், ஆகவே பொய்ப் பந்துக்கு ஏமாற மாட்டார்கள் என்று எதிர்பார்த்தார்கள். 2010இல் வந்த முடிவு நேர்மாறு, மற்றவர்களைவிட அதிகமாகவே ஏமாந்தார்கள். முகத்தைப் பார்க்காததால் அல்ல. சரியான நொடியில் கவனத்தைப் பந்தின் மேல் கொண்டுவந்து நிறுத்துவதுதான் அவர்களுக்குச் சிரமமாக இருந்தது. ஒரு சிறு பந்தை மறைத்தே, மனங்கள் எப்படி வேறுபடுகின்றன என்பதைத் தொட்டுப் பார்க்க முடிகிறது. மேஜிக்கைச் சில்லறை விஷயம் என்று ஒதுக்கும் படித்தவர்களிடம் நான் சொல்வது இதைத்தான்.

இதே வித்தையை மேடையில்லாமல் செய்கிறவர்களும் உண்டு. “கவனத்தைத் திசைதிருப்பிக் கொள்ளை” என்று செய்தித்தாளில் அடிக்கடி படிக்கிறோம். வங்கியிலிருந்து பணத்தோடு வருகிறவரிடம் ஒருவன், “சார், உங்க பணம் கீழே கிடக்கு” என்பான். தரையில் சில பத்து ரூபாய் நோட்டுகள் கிடக்கும். குனிந்து பொறுக்கி நிமிர்ந்தால் வண்டியில் மாட்டிய பை இருக்காது. சுட்டும் விரல், தொடரும் கண், சின்ன லாபத்தின் மகிழ்ச்சியில் தளரும் காவல் என்று செப்படி வித்தையின் அத்தனை அங்கமும் இதில் இருக்கிறது. படித்தவர், படிக்காதவர் என்ற பேதமில்லாமல் விழுகிறார்கள், ஏனென்றால் விழுவது அறிவு அல்ல, கவனம். களியக்காவிளை பஸ் ஸ்டாண்டிலோ வேறெங்கோ முன்பின் தெரியாத ஒருவர் தரையைச் சுட்டிக்காட்டினால், குனிவதற்கு முன் ஒரு கையால் உங்கள் பையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.