வேலை போச்சு, படிக்கப் போகலாமா?

எதிர்வீட்டுப் பையனுக்குப் போன மாதம் வேலை போனது. சோழிங்கநல்லூரில் மூன்று வருடம் சாஃப்ட்வேர் டெஸ்டிங் பார்த்தவன். "மார்க்கெட் சரியில்லை ஆன்ட்டி. சும்மா உட்கார்ந்திருக்கிறதுக்கு எம்பிஏ சேர்ந்துடலாமான்னு பார்க்கிறேன்" என்றான். நான் வங்கியில் பல வருடம் கல்விக்கடன் பார்த்து ஓய்வு பெற்றவள். டீயைக் கையில் கொடுத்துவிட்டு, பால்கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன்.

முதல் வரியில் ஃபீஸ், இரண்டு வருடத்துக்கு 5 லட்சம். "அவ்வளவுதானே?" என்றான். இல்லை. படிக்கிற காலத்தில் வராமல் போகும் சம்பளமும் செலவுதான். மாதம் 40,000 வாங்கிக்கொண்டிருந்தபோதே விட்டுவிட்டுப் போயிருந்தால் அது 9,60,000 ரூபாய். இப்போது ஆறு மாதம் தேடி 25,000 ரூபாயில் ஒரு வேலை கிடைக்கும் என்று வைத்துக்கொண்டால், மிச்சம் 18 மாதத்துக்கு 4,50,000 ரூபாய். பாதிக்கும் கீழே. மந்த காலத்தில் பலரும் படிப்புப் பக்கம் திரும்புவது இதனால்தான். ஆனால் கையில் வேலை இருப்பவர் பயத்தில் அதை விட்டுவிட்டுப் படிக்கப் போனால், இந்தச் சலுகை அவருக்குக் கிடையாது.

அடுத்தது கடன். படிப்பு முடிந்து ஒரு வருடம் வரை தவணை கட்ட வேண்டாம் என்றதும், வட்டியும் இல்லை என்று நினைத்துவிடுகிறார்கள். வட்டி முதல் நாளே ஓட ஆரம்பித்துவிடும். வருடத்துக்கு இரண்டரை லட்சமாக வாங்கி, 10 சதவீதத் தனிவட்டி என்று போட்டால், முதல் பணத்துக்கு மூன்று வருடம், இரண்டாவதுக்கு இரண்டு வருடம்: ஆக 1,25,000 ரூபாய். முடிந்தவர்கள் படிக்கும்போதே வட்டியை மட்டுமாவது கட்டி வருவது நல்லது.

கூட்டினான். 10,75,000 ரூபாய். எம்பிஏ முடித்துப் பழைய 40,000-க்கே வந்தால், 25,000-ஐவிட மாதம் 15,000 அதிகம். போட்டதை எடுக்கவே கிட்டத்தட்ட ஆறு வருடம். டீ ஆறிக்கொண்டிருந்தது.

இன்ஜினியரிங் படித்தவன் என்பதால் இன்னொரு வழியும் சொன்னேன். கேட் (GATE) நுழைவுத் தேர்வில் தகுதி பெற்று, ஏஐசிடிஇ அங்கீகாரம் உள்ள கல்லூரியில் முழுநேர எம்.இ. சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை உண்டு. 24 மாதத்துக்கு 2,97,600. கேட் மதிப்பெண் மூன்று வருடம் செல்லும் என்பதால் இந்த வருடமே சேர வேண்டும் என்ற அவசரமும் இல்லை.

"முடிச்சு வரும்போது மார்க்கெட் சரியாயிடும்ல?" அது யார் கையிலும் இல்லை. 2008 செப்டம்பரில் அமெரிக்க வங்கியான லேமன் பிரதர்ஸ் விழுந்தபோது, ஆஃபர் லெட்டர் இருந்தும் சேரும் தேதி வராமல் காத்திருந்த பிள்ளைகள் எத்தனையோ பேர். 2009-இல் படிக்கப் போனவர்கள் 2011-இல் திரும்பியபோது வேலைகள் இருந்தன. 2020 ஊரடங்கின்போது சேர்ந்தவர்கள் எல்லோருக்கும் அப்படி அமைந்தது என்று சொல்ல முடியாது. அவர்கள் வகுப்பில் இருக்கும்போதே, 2021-இல், மென்பொருள் நிறுவனங்கள் ஆள் எடுத்துக் குவித்தன. 2022 கடைசியில் அந்த வேகம் அடங்கிவிட்டது.

அதனால் சும்மா இருப்பதற்குப் பதிலாக என்று ஒரு படிப்பில் சேராதீர்கள். எந்த வேலைக்காக என்று ஒரே வரியில் சொல்ல முடிந்தால் சேருங்கள். அதற்கு முன், அந்தக் கல்லூரியில் அதே படிப்பை முடித்த மூன்று பேரைத் தேடிப் பிடியுங்கள். விளம்பரத்தில் போடுகிற அதிகபட்சச் சம்பளம் பெரும்பாலும் ஓரிருவர் மட்டுமே வாங்கியது. வகுப்பில் நடுவில் நின்றவருக்கு என்ன கிடைத்தது என்று கேளுங்கள்.